சார்பின்மையின் வரையறையும் நடைமுறையும்: வால்ட் டிஸ்னி நிறுவன இயக்குநர் குழுவில் சார்பற்ற இயக்குநர்கள் (1984–2022)

ஆய்வுச் சுருக்கம்

பெருநிறுவனங்களின் இயக்குநர் குழுவில் நிர்வாகத்தோடு பொருளாதார உறவற்ற உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருத்தல் வேண்டும் என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிலைபெற்ற கொள்கையாகும். அக்கொள்கை ஒரு கேளிக்கை நிறுவனத்தில் எவ்வாறு செயற்பட்டது என்பதை வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் அளந்தது இயக்குநரின் உறவுகளை; டிஸ்னியில் குறைபட்டதோ இயக்குநருக்குக் கிடைத்த தகவலும், அதைக் கேட்டுப் பெறும் வழக்கமும் ஆகும். மேலும், சார்பின்மை பற்றிய வரையறையே ஒரு கட்டத்தில் மாற்றுக் கருத்துடையோரை விலக்கும் கருவியாகவும் பயன்பட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சார்பற்ற இயக்குநர், வால்ட் டிஸ்னி நிறுவனம், மைக்கேல் ஐஸ்னர், ஓவிட்ஸ் வழக்கு, டெலவேர் நீதிமன்றம், பங்குதாரர்.

முன்னுரை

இயக்குநர் குழுக் கூட்டங்கள் மூடிய கதவுகளுக்குள் நிகழ்பவை. அவற்றின் குறிப்பேடுகள் பெரும்பாலும் வரலாற்று ஆய்வாளரின் கைக்கு எட்டுவதில்லை. ஆண்டறிக்கைகளும் செய்திக் குறிப்புகளும் கூட்டத்தின் முடிவைச் சொல்லுமேயன்றி, அம்முடிவுக்கு முன் யார் என்ன கேட்டார், எந்தத் தாள் யார் கையில் இருந்தது என்பவற்றைச் சொல்வதில்லை. இவ்வகையில் வால்ட் டிஸ்னி நிறுவனம் ஒரு விதிவிலக்கு. 1997 ஜனவரியில் அந்நிறுவனத்தின் பங்குதாரர் சிலர் இயக்குநர்கள்மீது தொடுத்த வழக்கு 9 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2004 அக்டோபர் 20 முதல் 2005 ஜனவரி 19 வரை டெலவேர் மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் நகரில் 37 நாள்கள் சாட்சி விசாரணை நடைபெற்றது. 24 பேர் சாட்சியம் அளித்தனர். 9,360 பக்கச் சாட்சியப் பதிவும் 1,033 ஆவணங்களும் நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டன. ஒரு பெருநிறுவனத்தின் இயக்குநர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை மணிக்கணக்கில் பின்தொடர உதவும் இத்தகைய சான்றுத் தொகுதி அரிதினும் அரிது.

இவ்வழக்கு சட்டத்துறையில் பெரிதும் விவாதிக்கப்பட்ட ஒன்று. ஆயின் அவ்விவாதம் பெரும்பாலும் இயக்குநரின் கடமை, அதன் மீறலுக்குரிய பொறுப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. வழக்கிற்கு முன்னும் பின்னும் அந்நிறுவனத்தில் ‘சார்பற்றவர்’ என்று யார் எண்ணப்பட்டனர், அவ்வாறு எண்ணும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினா அதில் போதிய இடம் பெறவில்லை. இக்கட்டுரையின் கவனம் அவ்வினாவின்மீதே அமைகிறது.

சொல்லும் அதன் வரலாறும்

1950களில் அமெரிக்க நிறுவனங்களின் இயக்குநர் குழு என்பது பெரும்பாலும் நிறுவன அலுவலர்கள், வங்கியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோர் கூடும் அவையாக இருந்தது. தலைவருக்கு அறிவுரை கூறுவதே அதன் பணி என்று கருதப்பட்டது. 1970இல் பென் சென்ட்ரல் இரயில் நிறுவனம் நொடித்துப்போனபோது அதன் இயக்குநர்கள் நிறுவனத்தின் நிதி நிலையை அறியாமலே இருந்தமை வெளிப்பட்டது. வாட்டர்கேட் விசாரணையைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் முறைகேடான பணம் வழங்கியதை ஒப்புக்கொண்டன. இவற்றின் விளைவாக, இயக்குநர் குழுவின் முதற்பணி அறிவுரை அன்று, கண்காணிப்பே என்னும் கருத்து வலுப்பெற்றது. மெல்வின் ஐசன்பெர்க் 1976இல் வெளியிட்ட நூல் இக்கருத்துக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. நியூயார்க் பங்குச் சந்தை 1977இல் கொண்டுவந்த விதி, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கைத் துணைக்குழு முழுவதும் சார்பற்ற இயக்குநர்களைக் கொண்டிருக்க வேண்டுமென்றது. ஜெஃப்ரி கார்டன் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெருநிறுவன இயக்குநர்களில் சார்பற்றோரின் பங்கு 1950இல் சுமார் 20 விழுக்காடாக இருந்து, 2005இல் சுமார் 75 விழுக்காடாக உயர்ந்தது.

தமிழில் ‘சார்பு’ என்னும் சொல் இரு பொருள்பட நிற்கிறது. ஒன்றைப் பற்றி நிற்றல் ஒரு பொருள். ஒருபக்கம் சாய்தல் மற்றொரு பொருள். அமெரிக்க விதிகள் அளக்க முற்பட்டது முதற்பொருளை மட்டுமே. ஊதியம், ஒப்பந்தம், உறவினர் பணி ஆகியன எண்ணால் அளக்கத்தக்கவை. மனத்தின் சாய்வு அவ்வாறு அளக்கத்தக்கதன்று. இந்திய நிறுவனச் சட்டம் 2013இன் 149ஆம் பிரிவும் பொருளாதார உறவையே மிக விரிவாகப் பட்டியலிடுகிறது. நேர்மை உடையவர் என்பதை அந்த இயக்குநர் குழுவின் கருத்துக்கே விட்டுவிடுகிறது. பற்றி நிற்காதவர் சாயமாட்டார் என்பது இவ்விதிகளின் அடியில் உள்ள ஊகம். டிஸ்னியின் வரலாறு அவ்வூகத்தைச் சோதிக்கும் களமாக அமைகிறது.

1984: அச்சம் எழுப்பிய அவை

வால்ட் டிஸ்னி 1966இலும் அவர் அண்ணன் ராய் ஓ. டிஸ்னி 1971இலும் மறைந்தபின், நிறுவனம் அவர்கள் வளர்த்த அலுவலர்களின் கையில் இருந்தது. 1984இல் வால்ட் டிஸ்னியின் மருமகன் ரான் மில்லர் தலைமைச் செயல் அலுவலராக இருந்தார். அவ்வாண்டு சால் ஸ்டீன்பெர்க் என்னும் முதலீட்டாளர் பங்குகளை வாங்கிக் குவித்து நிறுவனத்தைக் கைப்பற்ற முயன்றபோது, இயக்குநர் குழு ஜூன் மாதத்தில் அவர் பங்குகளையும் செலவையும் சேர்த்துச் சுமார் 32.5 கோடி டாலர் கொடுத்து அவரை விலக்கியது. ஏனைய பங்குதாரருக்குக் கிட்டாத விலை இவ்வாறு ஒருவருக்கு மட்டும் கொடுக்கப்பட்டது கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. செப்டம்பரில் மில்லர் விலக்கப்பட்டார். அம்மாதம் 22ஆம் நாள் மைக்கேல் ஐஸ்னர் தலைவராகவும் ஃபிராங்க் வெல்ஸ் நிறுவன அதிபராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இம்மாற்றத்தின் பின்னணியில் ராய் ஓ. டிஸ்னியின் மகன் ராய் ஈ. டிஸ்னியும் அவர் வழக்கறிஞரும் முதலீட்டு ஆலோசகருமான ஸ்டான்லி கோல்டும் இருந்தனர்.

பிற்கால விதிகளால் அளந்தால் 1984ஆம் ஆண்டு இயக்குநர் குழு தேர்ச்சி பெறாது. ஆயினும் குடும்பத்து மருமகனையே விலக்கும் துணிவு அதற்கு வந்தது. அத்துணிவைத் தந்தது உறுப்பினர்களின் சார்பின்மை அன்று. பங்கு கையிலிருந்தோரின் அழுத்தமும் நிறுவனம் பறிபோகுமோ என்னும் அச்சமும் ஆகும். இது பின்னர் மீண்டும் நினைவுகூரத்தக்கது.

ஐஸ்னர் கால இயக்குநர் குழு

அடுத்த பத்தாண்டு வெற்றியின் காலம். திரைப்படம், அசைவூட்டப் படம், கேளிக்கைப் பூங்கா ஆகிய மூன்றும் ஒருசேர வளர்ந்தன. வளர்ச்சி ஐஸ்னரின் பெயரோடு இணைந்தது. இயக்குநர் குழுவும் அவரைச் சுற்றியே அமைந்தது. 1990களின் நடுப்பகுதியில் அதன் உறுப்பினர் சிலரைக் காண்பது பயன் தரும். ஊதியத் துணைக்குழுவின் தலைவர் இர்வின் ரஸ்ஸல், ஐஸ்னரின் சொந்த வழக்கறிஞர். ரெவெட்டா பவர்ஸ், ஐஸ்னரின் பிள்ளைகள் படித்த தொடக்கப் பள்ளியின் முதல்வர். ராபர்ட் ஸ்டெர்ன், டிஸ்னிக்காகப் பல கட்டடங்களை வடிவமைத்த கட்டடக் கலைஞர். முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல், டிஸ்னியிடம் ஆலோசகராகவும் ஊதியம் பெற்றவர்; அவர் சார்ந்த சட்ட நிறுவனமும் டிஸ்னிக்குப் பணியாற்றியது. 1996இல் சேர்ந்த லியோ ஓடோனவன், ஐஸ்னரின் மகன் படித்த ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் தலைவர். அப்பல்கலைக்கழகத்துக்கு ஐஸ்னர் நன்கொடை அளித்திருந்தார். நடிகர் சிட்னி பாய்ட்டியர், லா ஒபினியோன் நாளிதழின் இக்னாசியோ லொசானோ, நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ரேமண்ட் வாட்சன் ஆகியோரும் இருந்தனர். பிசினஸ் வீக் இதழ் மோசமான இயக்குநர் குழுக்களின் பட்டியலில் டிஸ்னியைச் சேர்த்தது.

இப்பட்டியலைப் படிப்போர் எளிதில் நகைத்துவிடக்கூடும். ஆனால் பவர்ஸ் பற்றி டெலவேர் நீதிபதி வில்லியம் சாண்ட்லர் 1998இல் கூறியது அந்நகைப்பைச் சற்றே நிறுத்துகிறது. பள்ளி முதல்வரின் ஊதியம் சிறிது, இயக்குநருக்கான மதிப்பூதியம் பெரிது, எனவே அவர் சார்புடையவர் என்பது வழக்குத் தொடுத்தோரின் வாதம். அதை ஏற்றால் செல்வர் மட்டுமே சார்பற்றவர் ஆக முடியும். எளிய வருவாய் உடையோர் எவரும் இயக்குநர் குழுவில் அமர இயலாது என்று நீதிபதி மறுத்தார். வருவாயைக் கொண்டு சார்பை அளக்கும் முறையின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். பவர்ஸின் நிலையில் ஐயத்துக்கு இடமளிப்பது அவர் பெற்ற தொகை அன்று, அவர் அவ்விடத்துக்கு வந்த வழியே ஆகும். ஆனால் அவ்வழியை அளக்கும் கோல் எதுவும் சட்டத்திடம் இல்லை.

கேளிக்கைத் துறைக்கே உரிய ஓர் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. எஃகு ஆலையின் உற்பத்திச் செலவை வெளியார் ஒருவர் கணக்கிட்டு வினவ முடியும். எந்தக் கதை ஓடும், எந்தக் கலைஞருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பவை சுவை, அனுபவம், நட்பு ஆகியவற்றால் முடிவாகின்றன. அத்துறையில் தனிப்பட்ட உறவே முதலீடு போன்றது. எனவே வெளியிலிருந்து வரும் இயக்குநர், தலைவரின் கலைத் தீர்ப்பின்முன் அடங்கிப்போவது இயல்பாகிவிடுகிறது. அவ்வடக்கம் ஊதியம் போன்ற வெறும் கணக்குப் பொருள்களுக்கும் பரவும்போதே சிக்கல் தோன்றுகிறது.

ஓவிட்ஸ் நியமனம்

1994 ஏப்ரல் 3ஆம் நாள் ஃபிராங்க் வெல்ஸ் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவ்வாண்டு ஜூலையில் ஐஸ்னருக்கு அவசர இதய அறுவை நிகழ்ந்தது. 1995 ஜூலை 31ஆம் நாள் கேப்பிட்டல் சிட்டீஸ்/ஏபிசி நிறுவனத்தை 1,900 கோடி டாலருக்கு வாங்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. நிறுவனம் இருமடங்காகப் பெருகும் வேளையில் இரண்டாம் நிலையில் ஒருவர் தேவைப்பட்டார். ஐஸ்னர் 25 ஆண்டுக்கால நண்பரான மைக்கேல் ஓவிட்ஸைத் தேர்ந்தார். ஓவிட்ஸ், சிஏஏ என்னும் கலைஞர் முகமை நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவர். ஹாலிவுட்டின் மிகுந்த செல்வாக்குடையவராகக் கருதப்பட்டவர். ஆண்டுக்கு 2 முதல் 2.5 கோடி டாலர் வரை ஈட்டியவர். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்றில் அவர் அதற்குமுன் பணியாற்றியதில்லை.

நிகழ்ச்சிகளின் வரிசை இங்கு முதன்மையானது. 1995 ஆகஸ்டு 10ஆம் நாள் ரஸ்ஸல் ஒரு குறிப்பு எழுதினார். ஓவிட்ஸுக்குத் தரவிருக்கும் ஊதியம் எந்த நிறுவன அலுவலருக்கும் தரப்படும் உச்ச அளவில் உள்ளது. தலைமைச் செயல் அலுவலரின் ஊதியத்தையும் மிஞ்சுகிறது. பங்கு விருப்புரிமைகள், அதாவது குறித்த விலையில் பின்னாளில் பங்கு வாங்கும் உரிமைகள், நிறுவனத்தின் வழக்கமான அளவைக் கடந்துள்ளன. கடுங்கண்டனம் எழலாம் என்பன அதன் சாரம். அக்குறிப்பு ஐஸ்னருக்கும் ஓவிட்ஸுக்கும் சென்றது. இயக்குநர் குழு முழுமைக்கும் செல்லவில்லை. ஆகஸ்டு 14ஆம் நாள் ஐஸ்னரும் ஓவிட்ஸும் உடன்பாட்டுக் கடிதத்தில் கையொப்பமிட்டனர். அன்றே செய்திக் குறிப்பு வெளியாயிற்று. இயக்குநர்கள் தொலைபேசி வழியே செய்தி அறிந்தனர். பங்கின் விலை ஒரே நாளில் 4.4 விழுக்காடு ஏறி, நிறுவனத்தின் சந்தை மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல் உயர்ந்தது.

ஊதியத் துணைக்குழு கூடியது செப்டம்பர் 26ஆம் நாள். ரஸ்ஸல், வாட்சன், பாய்ட்டியர், லொசானோ ஆகிய நால்வர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடினர். ஓவிட்ஸ் ஒப்பந்தம் அக்கூட்டத்தின் ஒரே பொருள் அன்று. ஒப்பந்தத்தின் வரைவு அவர்கள்முன் இல்லை. முதன்மை விதிகளின் சுருக்கத் தாளே இருந்தது. ஊதிய வல்லுநர் கிரேஃப் கிரிஸ்டல் முன்னரே ரஸ்ஸலுக்கும் வாட்சனுக்கும் கணக்கிட்டு உதவியிருந்தும், அவர் அறையில் இல்லை. வாட்சன் செய்து வைத்திருந்த கணக்கீட்டுத் தாள்கள் ஏனையோருக்கு வழங்கப்படவில்லை. அதே கூட்டத்தில், ஓவிட்ஸோடு பேச்சு நடத்தியதற்காக ரஸ்ஸலுக்கு 2,50,000 டாலர் சன்மானமும் பரிந்துரைக்கப்பட்டது. அதன்பின் கூடிய முழு இயக்குநர் குழு ஓவிட்ஸை அதிபராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபர் 1ஆம் நாள் அவர் பணியேற்றார். முழு ஒப்பந்தம் கையொப்பமானது டிசம்பரில்.

ஒப்பந்தத்தின் உள்ளமைப்பு கவனிக்கத்தக்கது. காலம் 5 ஆண்டு. அடிப்படை ஊதியம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். முதற்கட்டமாக 30 லட்சம் பங்குகளுக்கான விருப்புரிமை. ஓவிட்ஸ் தம் பெருந்தவறு ஏதுமின்றி விலக்கப்பட்டால், எஞ்சிய ஆண்டுகளின் ஊதியமும் முதற்கட்ட விருப்புரிமை முழுவதும் உடனே அவருக்கு உரியவாகும். விரைவில் விலக்கப்படுவதே அவருக்கு மிகுந்த ஆதாயம் தரும் நிலை இவ்வாறு உருவாயிற்று. ஒரே ஒரு தாளில் ‘இந்த ஆண்டில் விலக்கினால் இவ்வளவு’ என்று வரிசையாக எழுதியிருந்தால் இது புலப்பட்டிருக்கும். அத்தகைய தாள், வல்லுநரின் துணையோடு தயாரிக்கப்பட்டு, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டு, கூட்டக் குறிப்பேட்டில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றே டெலவேர் உச்ச நீதிமன்றம் 2006இல் சிறந்த நடைமுறையை விவரித்தது. ஒரு தாள் இல்லாமற்போனதன் விலையை இவ்வழக்கைப் போல் துல்லியமாகக் கணக்கிடும் வாய்ப்பு வரலாற்றில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஓவிட்ஸ் நிறுவனத்தோடு ஒத்துப்போகவில்லை. 14 மாதங்களில், 1996 டிசம்பரில் அவர் விலக்கப்பட்டார். இழப்பீடின்றி விலக்குவதற்குரிய காரணம் இல்லை என்று நிறுவனத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர் சான்ஃபோர்டு லிட்வாக் கூறியதை ஐஸ்னர் ஏற்றார். வெளிச் சட்ட நிறுவனம் ஒன்றின் எழுத்துமூலக் கருத்து பெறப்படவில்லை. இயக்குநர் குழு இதன்மீது வாக்கெடுக்கவும் இல்லை. டிசம்பர் 10ஆம் நாள் ஒரு துணைக்குழு, வெளியேறவிருந்த அவருக்கே 75 லட்சம் டாலர் ஊக்கத்தொகை வழங்க ஒப்புதல் அளித்தது என்பது நம்புதற்கு அரிய செய்தி. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. ஓவிட்ஸ் பெற்றது ரொக்கமாகச் சுமார் 3.85 கோடி டாலர். விருப்புரிமைகளின் மதிப்பையும் சேர்த்து ஏறத்தாழ 13 கோடி டாலர்.

நீதிமன்றத்தின் பார்வை

1998இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2000இல் டெலவேர் உச்ச நீதிமன்றம், இயக்குநர்களின் நடைமுறை கவலைக்குரியது என்று கருதியும், மனுவில் போதிய விவரம் இல்லை என்று கூறி, நிறுவனத்தின் குறிப்பேடுகளைச் சட்டப்படி கேட்டுப் பெற்றுத் திருத்திய மனு அளிக்க வழிவிட்டது. அவ்வாறு கிடைத்த குறிப்பேடுகளைக் கொண்டு எழுதப்பட்ட மனுவை 2003 மே 28ஆம் நாள் சாண்ட்லர் ஏற்றார். மனுவில் உள்ளவை உண்மையாயின், இயக்குநர்கள் தம் பொறுப்பை அறிந்தே புறக்கணித்தனர் என்று கொள்ள இடமுண்டு என்றார். முதலிரு கட்டங்களில் தோற்ற வழக்கை உயிர்ப்பித்தது புதிய சட்ட வாதம் அன்று, கூட்டக் குறிப்பேடே என்பது கருதத்தக்கது.

வழக்கின் சட்டப் பின்னணியைச் சுருக்கமாகக் கூறலாம். 1985இல் வான் கோர்கம் வழக்கில், போதிய தகவலின்றி நிறுவனத்தை விற்க ஒப்பிய இயக்குநர்கள் சொந்தப் பொறுப்பிற்கு ஆளாயினர். அத்தீர்ப்பு எழுப்பிய அச்சத்தைத் தணிக்க டெலவேர் சட்டமன்றம் 1986இல் ஒரு பிரிவைச் சேர்த்தது. அதன்படி, கவனக் குறைவுக்காக இயக்குநரிடம் இழப்பீடு கோருவதை நிறுவனத்தின் அமைப்பு ஆவணமே விலக்கலாம். எனவே டிஸ்னி இயக்குநர்கள் கவனமின்றி நடந்தனர் என்று காட்டுவது போதாது. நல்லெண்ணமின்றி நடந்தனர் என்று நிறுவ வேண்டியிருந்தது.

2005 ஆகஸ்டு 9ஆம் நாள் வெளியான தீர்ப்பு இயக்குநர்களை விடுவித்தது. 2006 ஜூன் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விடுவித்த தீர்ப்பே கடுமையான கண்டனமாகவும் அமைந்ததுதான் இதன் தனித்தன்மை. ஐஸ்னர் தம் நண்பரையும் அறிமுகமானோரையும் கொண்டு இயக்குநர் குழுவை நிரப்பினார் என்று சாண்ட்லர் எழுதினார். அதை நிறுவனத்தின் குழு என்னாது ‘அவருடைய’ குழு என்று தாம் வேண்டுமென்றே எழுதுவதாகவும் குறித்தார். அவ்வுறுப்பினர்கள் சட்டப்பொருளில் அவருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ஆயினும் உண்மையான சார்பற்றோரைவிட அவர் விருப்பத்துக்கு எளிதில் இணங்குவோர் என்பது அவர் கண்ட முடிவு. பற்றி நில்லாமை, சாயாமை என்னும் இரு பொருளும் பிரியும் இடம் இதுவே. சட்டம் முதலாவதை மட்டுமே கேட்டது. நீதிபதி இரண்டாவதைக் கண்டும் அதன்மீது பொறுப்புச் சுமத்த இயலாது நின்றார். 1995ஆம் ஆண்டு நடத்தையை என்ரான் வீழ்ச்சிக்குப் பிந்தைய அளவுகோலால் தீர்ப்பிடலாகாது என்றும் அவர் கருதினார். வரலாற்று ஆய்வாளர் இவ்வெச்சரிக்கையை மதிக்கலாம். எனினும் ரஸ்ஸலின் ஆகஸ்டு 10ஆம் நாள் குறிப்பு, அக்காலத்து அளவுகோலாலேயே அந்த ஒப்பந்தம் மிகையானது என்பதைக் காட்டுகிறது.

வரையறை கருவியாதல்

என்ரான், வேர்ல்டுகாம் ஆகியவற்றின் வீழ்ச்சிக்குப்பின் 2002 ஜூலையில் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் நிறைவேறியது. நியூயார்க் பங்குச் சந்தை வகுத்த புதிய விதிகள் 2003 நவம்பரில் ஒப்புதல் பெற்றன. இயக்குநருள் பெரும்பான்மையோர் சார்பற்றவராதல் வேண்டும். தணிக்கை, ஊதியம், நியமனம் ஆகிய துணைக்குழுக்கள் முழுவதும் அவர்களால் அமைதல் வேண்டும். விதிகள் முழு நடைமுறைக்கு வரும் முன்னரே டிஸ்னி தன் இயக்குநர்களைத் தரம் பிரித்தது.

அதன் விளைவு எதிர்பாராதது. அக்காலத்தில் ஐஸ்னரை இயக்குநர் குழுவுக்குள் வெளிப்படையாக எதிர்த்தோர் ராய் டிஸ்னியும் கோல்டும் ஆவர். கோல்டின் மகள் நிறுவனத்தின் ஒரு பிரிவில் பணியாற்றியதால் அவர் சார்புடையவர் என்று வகைப்படுத்தப்பட்டார். ராய் டிஸ்னி அசைவூட்டப் பிரிவின் தலைவர் என்னும் பதவியால் நிறுவன ஊழியர். ஆளுகை, நியமனத் துணைக்குழுவின் தலைவர் ஜான் பிரைசனின் மனைவியோ, டிஸ்னி பாதிப் பங்கு வைத்திருந்த லைஃப்டைம் தொலைக்காட்சி நிறுவனத்தில் உயர் அலுவலர். ஆனால் பிரைசன் சார்பற்றவராகவே எண்ணப்பட்டார். பாதி உடைமையான நிறுவனம் ‘நிறுவனம்’ என்னும் சொல்லுக்குள் அடங்காது என்பதே வேறுபாடு. கோல்டுக்கு ஆதரவாக நின்ற ஆண்ட்ரியா வான் டி காம்ப் 2003இல் மறுநியமனம் பெறவில்லை. தம் நிலைப்பாடே அதற்குக் காரணம் என்று அவர் வெளிப்படையாகக் கூறினார்.

வினவியோர் சார்புடையோர் ஆயினர். வினவாதோர் சார்பற்றோர் ஆயினர். கோல்டுக்கு எதிரான விதி தன்னளவில் தவறானதன்று. மகளின் பணி ஒரு தொடர்புதான். ராய் டிஸ்னியும் கோல்டும் தன்னலமற்ற சீர்திருத்தக்காரர் என்று கொள்ளவும் வேண்டியதில்லை. 1984இல் ஐஸ்னரை அமர்த்தியவர்களும், ஓவிட்ஸ் நியமனத்துக்கு வாக்களித்தவர்களும் அவர்களே. குறை, கோலைப் பிடித்திருந்த கையில் இருந்தது. யார் சார்பற்றவர் என்பதை முடிவுசெய்யும் பணி, கண்காணிக்கப்பட வேண்டிய அதே அவையிடம் விடப்பட்டிருந்தது.

2003 நவம்பர் இறுதியில், 72 வயது வரம்பைக் காட்டி, 73 வயதான ராய் டிஸ்னிக்கு மறுநியமனம் இல்லை என்று தெரிவிக்கப்பட்டது. நவம்பர் 30ஆம் நாள் அவரும் மறுநாள் கோல்டும் விலகினர்.

ஃபிலடெல்ஃபியாவும் அதன் பின்னும்

2004 பிப்ரவரி 11ஆம் நாள் காம்காஸ்ட் நிறுவனம் டிஸ்னியை வாங்க முன்வந்தது. மார்ச் 3ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் ஐஸ்னருக்கு 43 விழுக்காட்டு வாக்குகள் மறுக்கப்பட்டன. எதிர் வேட்பாளரே இல்லாத தேர்தலில், ஓய்வூதிய நிதியங்கள் உள்ளிட்ட பெரும்பங்குதாரர் இவ்வளவு வாக்கை நிறுத்திவைத்தது முன்னெப்போதும் காணாதது. அன்று மாலையே இயக்குநர் குழு அவரிடமிருந்து தலைவர் பதவியை எடுத்து மிட்செலிடம் கொடுத்தது. மிட்செலுக்கும் ஏறத்தாழ 24 விழுக்காட்டு வாக்குகள் மறுக்கப்பட்டிருந்தன. 1984இல் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது எனலாம்: உள்ளிருந்து விலகியோரின் பரப்புரை, வெளியிலிருந்து வந்த கையகப்படுத்தும் முயற்சி, பங்குதாரரின் வாக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தபின்னரே அவை அசைந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் டிஸ்னியோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 1999 முதல் 2001 வரை, இயக்குநர் மூவரின் பிள்ளைகள் 60,000 டாலர் முதல் 1,50,000 டாலருக்கு மேல் வரை ஆண்டு ஊதியத்தில் நிறுவனத்தில் பணியாற்றியதும், மற்றோர் இயக்குநரின் மனைவி பாதி உடைமையான நிறுவனத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் பெற்றதும், இன்னோர் இயக்குநருக்கு அலுவலகம், செயலர், ஓட்டுநர் வசதிகள் அளிக்கப்பட்டதும் பங்குதாரருக்கு வெளியிடப்படவில்லை என்பது ஆணையத்தின் முடிவு. சார்பை அளக்கும் கோல் சரியாக இருந்தாலும், அளக்க வேண்டிய பொருளே மறைவாக இருந்தது.

2005 செப்டம்பர் 30ஆம் நாள் ஐஸ்னர் விலகி ராபர்ட் ஐகர் பொறுப்பேற்றார். அதன்பின் இயக்குநர் குழுவின் உறுப்பினர் பெரும்பாலும் மாறினர். 2022இல் தலைமைச் செயல் அலுவலரைத் தவிர ஏனைய இயக்குநர் அனைவரும் விதிப்படி சார்பற்றவர். தலைவர் பதவியும் தனியே பிரிக்கப்பட்டு சூசன் ஆர்னால்டிடம் இருந்தது. 1995ஆம் ஆண்டுக் குழுவோடு ஒப்பிட்டால் வடிவத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் இருக்க முடியாது. அக்குழு 2022 ஜூன் 28ஆம் நாள் தலைமைச் செயல் அலுவலர் பாப் சாப்பெக்கின் ஒப்பந்தத்தை ஒருமனதாக நீட்டித்தது. நவம்பர் 20ஆம் நாள், 5 மாதம் நிறையுமுன்பே, அவரை விலக்கி ஐகரை மீண்டும் அழைத்தது.

இதனை இரு வகையில் வாசிக்கலாம். வெளியார் கையகப்படுத்தும் முயற்சியோ பங்குதாரர் வாக்கோ இன்றி ஒரு தலைவரை விலக்க முடிந்தது என்பது ஒரு வாசிப்பு; 1996ஆம் ஆண்டுக் குழு அவ்வளவும் செய்யவில்லை. மற்றொன்று, ஜூனில் அவர்களுக்குத் தெரிந்தது என்ன என்பது. தலைமை நிதி அலுவலர் கிறிஸ்டின் மெக்கார்த்தி உள்ளிட்ட உயர் அலுவலர்கள் தங்கள் கவலையை இயக்குநர்களிடம் நேரில் கூறியபின்னரே விலக்கல் முடிவு விரைந்தது என்று அக்காலச் செய்திகள் தெரிவித்தன. 1995இல் ரஸ்ஸலின் குறிப்பு மேசைக்கு வரவில்லை. 2022இல் அலுவலர்கள் தாங்களாகவே மேசைக்கு வந்தனர்.